மணி அடிப்பவரும் சம்பள ஏணியும்

மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, காத்தான்குடியைக் கடந்து தெற்கு நோக்கி வருவோரை எதிர்கொள்ளும் ஊர் ஆரையம்பதி. கிழக்கே கடலும் மேற்கே வாவியும் நெருக்கி நிற்க, இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலத்திலே வீடுகளும் கோயில்களும் பாடசாலைகளும் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. காலை ஏழரை மணிக்குப் பாடசாலை மணி ஒலிக்கும்போது இவ்வூர்த் தாய்மார் ஆறுதலாக ஒரு மூச்சு விடுகின்றார்கள். பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அடுப்படி வேலையைக் கவனிக்கலாம்.

அந்த மணியை அடித்தவர் யார்? கோயிலிலே மணி அடிப்பவரை ஊரார் அனைவரும் அறிவர். அவருடைய தகப்பனார் பெயரையும் சொல்லுவர். பாடசாலை மணியை அடிப்பவரைப் பற்றி நம் பிள்ளைகளிடம் கேட்டாலோ, “வாச்சர் மாமா” என்றோ, “பியோன் ஐயா” என்றோ மறுமொழி வரும். பெயர் தெரியாது. பெயர் தெரியாதது பிள்ளைகளின் குற்றமென்று யாம் கூறமாட்டோம். அவர் செய்யும் வேலை இன்னதென்று வகுத்து, அதற்குரிய சம்பளம் இவ்வளவென்று நிர்ணயிக்க வேண்டிய பெரியவர்களே அவரை நன்கு அறிந்திருக்கின்றார்களா என்பதுதான் இன்று எம்முன் நிற்கும் கேள்வி.

ஆசிரியர்களின் சம்பள முரண்பாட்டைப் பற்றி நாட்டிலே அறியாதார் இல்லை. 1997 முதல் புகைந்துகொண்டிருந்த அப்பிரச்சினை 2021 ஜூலை மாதத்திலே பெரும் வேலைநிறுத்தமாக வெடித்து, அவ்வாண்டு ஒக்டோபர் வரை நீடித்து, 2022 ஜனவரியிலே ஓரளவு பரிகாரம் பெற்றது. அதன் பின்னர் 2024 ஜூன் மாதத்திலே பாடசாலைகளின் கல்விசாரா ஊழியரும் இரண்டு நாட்கள் வேலையை நிறுத்தினர். முன்னதைப் பற்றிப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. பின்னதைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேர் பேசினோம் என்பதை நேயர்களே நினைத்துப் பார்க்கலாம்.

“தேர்ச்சியற்றவர்” யார்?

அரசாங்க ஊழியரின் சம்பளங்கள் 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க அரசாங்க நிருவாகச் சுற்றறிக்கையினால் புதிதாக வகுக்கப்பட்டன. முன்னாளிலே “சிற்றூழியர்” என்றும் “கனிஷ்ட ஊழியர்” என்றும் வழங்கப்பட்டவர்கள் அதிலே “ஆரம்ப நிலை” என்னும் பிரிவுக்குள் அடங்கினர். சிறுமையைச் சுட்டும் பெயர் நீங்கியது நன்றே. ஆயின், அப்பிரிவு மேலும் மூன்றாகக் கூறுபட்டது. தேர்ச்சியற்றோர் ஒரு வகுப்பு. ஓரளவு தேர்ச்சி பெற்றோர் மற்றொரு வகுப்பு. தேர்ச்சி பெற்றோர் மூன்றாம் வகுப்பு. வாகனம் ஓட்டும் சாரதி மூன்றாம் வகுப்பிலே இடம்பெறுகின்றார். பாடசாலைக் காவலாளியும், சுகாதாரத் தொழிலாளியும், ஏனைய தொழிலாளரும் முதலாம் வகுப்பினர், அதாவது, தேர்ச்சியற்றோர்.

2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சுற்றறிக்கை இவ்வகுப்புகளின் அடிப்படைச் சம்பளத்தைத் திருத்தியமைத்தது. முதலாம் வகுப்பினர்க்குத் தொடக்கம் 24,250 ரூபா. இரண்டாம் வகுப்பினர்க்கு 24,750. மூன்றாம் வகுப்பினர்க்கு 25,250. தேர்ச்சியற்றவர் என்று ஒதுக்கப்பட்டவருக்கும் தேர்ச்சியுள்ளவர் என்று ஏற்கப்பட்டவருக்கும் மாதத்தில் ஆயிரம் ரூபா மாத்திரமே வேறுபாடு! அலுவலகத்திலே எழுதுவினை புரியும் முகாமைத்துவ உதவியாளர்க்கு அப்பொழுது தொடக்கம் 28,940 ரூபா. ஆண்டுதோறும் முதலாம் வகுப்பினர் பெற்ற சம்பள ஏற்றம் முதற் பத்தாண்டுகளில் 250 ரூபா. பத்து ஆண்டுகள் இடையறாது உழைத்தால் 2,500 ரூபா கூடும். வேறு கணக்கு வேண்டாம்.

2025 பெப்ரவரியிலே சமர்ப்பிக்கப்பட்ட வரவுசெலவுத் திட்டம் இதனை மாற்றியது. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. தனியாக வழங்கப்பட்டு வந்த சில கொடுப்பனவுகள் அதனுட் சேர்க்கப்பட்டமையால் கைக்கு வரும் தொகை அதே அளவிலே பெருகவில்லையாயினும், உயர்வு உயர்வே. அவ்வாண்டு ஏப்ரலிலே ஒரு பகுதியும், 2026, 2027 ஆம் ஆண்டுகளின் ஜனவரிகளிலே எஞ்சிய பகுதிகளும் சேர்வதாக ஏற்பாடு. ஆண்டேற்றமும் 250 ரூபாவிலிருந்து 450 ரூபாவாயிற்று. இதற்காக நன்றி பாராட்டாதவர் நன்றி அறியாதவர்.

ஆனால், இந்த ஏணியைச் சற்று நெருங்கிச் சென்று பாருங்கள். முதலாம் வகுப்பினரின் புதிய ஏணி 40,000 ரூபாவிலே தொடங்கி 61,880 ரூபாவிலே முடிவடைகின்றது. இடையிலே நாற்பத்திரண்டு படிகள் இருக்கின்றன. முதற் பத்துப் படிகள் 450 ரூபா வீதமும், அடுத்த பத்து 490 வீதமும், அதற்கடுத்த பத்து 540 வீதமும், இறுதிப் பன்னிரண்டு 590 வீதமும் ஏறுகின்றன. ஆண்டுக்கு ஒரு படி. ஓய்வு பெறும் வயது அறுபது. ஆகவே, பதினெட்டாம் வயதிலே நியமனக் கடிதம் கைக்கு வந்தவரே ஓய்வு பெறும் நாளிலே உச்சிப்படியிற் கால் வைக்க முடியும். எழுவான்கரையிலாயினும் படுவான்கரையிலாயினும் பதினெட்டு வயதிலே பாடசாலைக் காவலாளியாக நியமனம் பெற்றவர் யாரேனும் உண்டோ? யுத்தமும் இடப்பெயர்வும் வெற்றிடங்களுக்காகக் காத்திருத்தலும் கழிந்து, முப்பத்தைந்திலோ நாற்பதிலோ அன்றோ நம்மவர்க்கு நியமனம் கிட்டுகின்றது? நாற்பதிலே சேர்ந்தவர் இருபது படிகள் ஏறி 49,400 ரூபாவிலே இறங்கிவிடுவார். இளைப்பாற்றுச் சம்பளமும் இறுதியாகப் பெற்ற சம்பளத்தையும் சேவைக் காலத்தையும் ஒட்டியே கணிக்கப்படுவதனால், பிந்தி வந்த குற்றத்துக்கு அவர் இரு தடவை தண்டம் இறுக்கின்றார்.

காவலாளியின் கைத்திறப்புகள்

இனி, தேர்ச்சியற்றவர் எனப்பட்ட அந்த மனிதரின் நாளைப் பார்ப்போம். ஒரு குறித்த பாடசாலையை மனத்திற் கொண்டு எழுதவில்லை; வாவிக்கரை ஊர்களிலே யாரும் காணக்கூடிய காட்சியைத்தான் எழுதுகின்றோம்.

விடியற் புறத்திலே வாயிற்கதவு திறக்கப்படுகின்றது. இடுப்பிலே தொங்கும் திறப்புக் கோவையிலே எந்தத் திறப்பு எந்தப் பூட்டுக்கு உரியதென்று அவருடைய விரல்கள் இருட்டிலும் அறியும். துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறப்பதற்கு ஒரு பக்குவம். கதவு இறங்கிப்போன அறையொன்றைத் திறப்பதற்கு வேறொரு பக்குவம். வேப்பஞ் சருகும் வாகைச் சருகும் கூட்டப்பட வேண்டும். நீர்த்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். இரவிலே உட்புகுந்த மாடுகளைத் துரத்த வேண்டும். மாரி காலமாயின் விறாந்தையிலே பாம்பு கிடக்கின்றதா என்று பார்க்க வேண்டும்.

பிள்ளைகள் வந்தபின் இன்னொரு வேலை தொடங்குகின்றது. அதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பெயர் இல்லை. முதலாம் வகுப்புப் பிள்ளையை அழைத்துச் செல்ல வழக்கமாக வரும் பாட்டனார் வராமல், முகந்தெரியாத ஒருவர் வந்து நின்றால், “நீங்கள் யார், தம்பி?” என்று முதலிலே கேட்பவர் அவரே. வெளிநாட்டிலே வேலை செய்யும் தாயின் பிள்ளை எது, குடித்துவிட்டு வரும் தகப்பனின் பிள்ளை எது, காலையுணவின்றி வரும் பிள்ளை எது என்பன வகுப்பாசிரியரின் இடாப்பிலே இல்லாதிருக்கலாம். வாயிலிலே நிற்பவருக்குத் தெரியும். இப்பிள்ளையைப் பிந்தி வந்ததற்காகக் கடியாது உள்ளே விட வேண்டும் என்பதும் தெரியும். இதனை ஆள் அறியும் தேர்ச்சி என்று சொல்லாமல் வேறு எப்பெயரால் அழைப்பது?

இடர்க் காலங்களில் இவருடைய பொறுப்பு இன்னும் பெரிது. 1978 நவம்பர் 23 ஆம் நாள் அடித்த சூறாவளியை நினைவு கூரும் முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல் பெருகி வந்தபோதும், 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் ஊர்களை மூடியபோதும், மட்டக்களப்பு மாவட்டத்திலே சனங்கள் ஓடி ஏறிய இடங்களுள் பாடசாலைக் கட்டடங்கள் முதன்மையானவை. அவ்வேளையிலே ஓடி வருவோர்க்கு அறைகளைத் திறந்துவிடுவதும், வாங்குகளை அடுக்கி முதியோர்க்குப் படுக்க இடஞ் செய்வதும், இடாப்புகளையும் பரீட்சைப் பத்திரங்களையும் உயரத்தில் ஏற்றி வைப்பதும் திறப்பை வைத்திருப்பவர்மேல் விழுகின்றன. முகாம் கலைந்தபின் மலசலகூடங்களின் நிலை எவ்வாறிருக்கும் என்பதை இப்பக்கத்தில் விவரிப்பது தகாது. அவற்றைக் கழுவி, மறுபடியும் பிள்ளைகள் வரத்தக்கதாக்கியவர் யாரென்று எந்த அறிக்கையும் எழுதி வைப்பதில்லை.

தேர்தல் நாளிலும் பாடசாலைதான் வாக்குச்சாவடி. பரீட்சை நாளிலும் பாடசாலைதான் மண்டபம். எல்லா நாளும் அதே திறப்புக் கோவை.

அன்றும் இன்றும்

ஒரு காலத்திலே இத்தகைய உத்தியோகங்களே பாடசாலைகளில் அருமை. ஆரையம்பதி மகா வித்தியாலயத்தின் பெயரிலே இன்றும் “இராமகிருஷ்ண மிஷன்” என்பது நிலைத்திருக்கின்றது. 1925 இல் துறவியாகத் தாயகம் திரும்பிய சுவாமி விபுலானந்தரும் அவரைச் சார்ந்தோரும் மட்டக்களப்புப் பகுதியிலே மிஷன் பாடசாலைகளைக் கட்டிக்காத்த காலத்தின் தடயம் அது. கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் 1929 இல் எழுந்தது. அந்நாளைய உதவி நன்கொடைப் பாடசாலைகளிலே முகாமையாளர் ஒருவரும் ஆசிரியரும் இருந்தனர். ஆசிரியர் சம்பளத்துக்கு அரசாங்கத்தின் நன்கொடை கிடைத்தது. கிராமத்துச் சிறு பாடசாலையிலே கூட்டுவதும் மெழுகுவதும் தண்ணீர் அள்ளுவதும் பிள்ளைகளினதும் ஊராரினதும் கைகளாலே நடந்தன. அதனை யாரும் உத்தியோகமென்று எண்ணவில்லை.

1945 இலே இலவசக் கல்வி வந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும் 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசாங்கத்தின் பொறுப்பிலே கொண்டுவந்தன. பிள்ளைகள் பெருகினர். மாடிகள் எழுந்தன. விஞ்ஞான ஆய்வுகூடம், நூலகம், கணினி அறை, மின்சாரம், குழாய்நீர் யாவும் வந்தன. கட்டடங்கள் வந்த வேகத்திலே அவற்றைப் பேணும் ஆட்கள் வரவில்லை. இருந்த ஆட்களின் கடமைப் பட்டியலும் பெரும்பாலும் பழையபடியே இருந்துவிட்டது. மண் தரையைக் கூட்டிய காலத்து வேலைப் பெயரை வைத்துக்கொண்டு, அமிலப் போத்தல்கள் நிறைந்த அறையைத் துப்புரவாக்கும் ஒருவரை நாம் மதிப்பிடுகின்றோம்.

பெரிய பாடசாலைக்கு ஒருவாறு ஆட்கள் கிடைக்கின்றார்கள். ஐந்தாம் வகுப்போடு முடியும் சிறு பாடசாலையின் நிலை வேறு. அங்கே எழுதுவினைஞர் இல்லாவிடத்து, மாதாந்த விவரக் கூற்றுகளையும் புத்தகக் கணக்கையும் உணவுக் கணக்கையும் ஆசிரியர் ஒருவரோ அதிபரோ எழுதுகின்றார். அவர் எழுதிக்கொண்டிருக்கும் வேளையிலே நாற்பது பிள்ளைகள் கரும்பலகையைப் பார்த்தபடி இருக்கின்றனர். வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம் கொண்டு செல்ல ஆளில்லாதபோது ஓர் ஆசிரியர் மோட்டார்ச் சைக்கிளிலே புறப்படுகின்றார். அன்று அவருடைய கணித பாடம் இல்லை. எழுதுவினைஞருக்குக் கொடுக்காத சம்பளத்தை நாம் மிச்சம் பிடித்ததாக எண்ணுகின்றோம். ஆசிரியரின் சம்பளத்திலிருந்து அதை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டோம் என்பதையும், கணக்கிலே வராத பங்கைப் பிள்ளைகள் செலுத்துகின்றார்கள் என்பதையும் யாரும் எழுதிக் காட்டுவதில்லை.

தாய்மாரின் சிரமதானம்

இவ்விடத்திலே நம் குடும்பப் பெண்கள் சிறிது நின்று கேட்க வேண்டும். சனிக்கிழமைகளிலே “சிரமதானம்” என்று பாடசாலை அழைக்கின்றது. தாய்மார் தும்புத்தடியும் கத்தியும் கொண்டு செல்கின்றார்கள். புல் வெட்டுகின்றார்கள், மலசலகூடங் கழுவுகின்றார்கள். தம் பிள்ளை படிக்கும் இடத்துக்கு உழைப்பதிலே இழிவு எதுவும் இல்லை. யாமும் அதனைப் புகழ்கின்றோம். ஆயினும், மாதந்தோறும் தாய்மார் இலவசமாய்ச் செய்யும் வேலை, வெற்றிடம் ஒன்று இருக்கின்றது என்ற செய்தியை மேலிடத்திலிருந்து மறைத்துவிடுகின்றது. துப்புரவான முற்றத்தைப் பார்த்துச் செல்லும் உத்தியோகத்தருக்கு ஆள் இல்லை என்பது எங்ஙனம் தெரியும்?

சிரமதானத்தினால் முடியாத வேலைகளுக்குப் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஒருவரை அமர்த்துகின்றது. பெரும்பாலும் அவர் அயலிலே வாழும் ஒரு பெண்ணாக இருப்பார். கணவனை இழந்தவராகவோ, குடும்பப் பாரத்தைத் தனித்துச் சுமப்பவராகவோ இருப்பார். பெற்றார் கொடுக்கும் பணத்திலிருந்து அவருக்கு மாதம் ஒரு சிறு தொகை. கையெழுத்திட இடாப்பு இல்லை. நியமனக் கடிதம் இல்லை. விடுமுறை மாதங்களிலே தொகையும் இல்லாமற் போவதுண்டு. “அக்கா, அடுத்த வருஷம் நிரந்தரமாக்க முயற்சி செய்வோம்” என்ற சொல் வருடாவருடம் கூறப்படும். அவர் நம்புவார். பத்து வருடமும் சென்றுவிடும். நிரந்தர நியமனம் வரும் நாளிலே அது வேறொருவர் பெயருக்கு வரும். வயதெல்லையைத் தாண்டிவிட்ட அக்கா, புதிதாக வந்தவருக்குத் திறப்புகளை அடையாளங் காட்டிக்கொடுப்பார். இக்கட்டுரையை எழுதத் தூண்டியது இக்காட்சியே என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

சட்டத்தின் அளவுகோல் என்ன சொல்கின்றது? தனியார் துறை ஊழியருக்கென 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம் தேசியக் குறைந்தபட்ச வேதனத்தை மாதம் 10,000 ரூபாவென நிர்ணயித்தது. அது 2021 இல் 12,500 ஆகவும், 2024 இல் 17,500 ஆகவும் உயர்ந்தது. 2025 இலே செய்த திருத்தம் அதனை 27,000 ஆகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்த்தியது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 1,200 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்கு வேலை கொடுப்போர் சம்பளத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டும், ஊழியர் எட்டும் செலுத்துவது 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த முறை. ஒரு தையற்கடை முதலாளியிடம் நாம் இவற்றையெல்லாம் எதிர்பார்க்கின்றோம். பிள்ளைகளின் பெற்றார் ஒன்றுகூடித் தாமே முதலாளியாகிவிட்ட இடத்திலே, இந்த அளவுகோலைக் கையிலெடுக்க மறந்துவிடுகின்றோம்.

கோயிலிலே உள்ள ஒழுங்கு

மட்டக்களப்புப் பகுதியின் கோயில்களை அறிந்தவர்கள் ஒன்றை அறிவார்கள். வண்ணக்கர் முதல் விளக்கு ஏற்றுபவர் வரை, பந்தம் பிடிப்பவர் முதல் பறை முழக்குபவர் வரை, எந்தக் குடிக்கு எந்த ஊழியம், அந்த ஊழியத்துக்கு எந்த வரிசை, எந்தப் பங்கு என்பன வகுக்கப்பட்டிருக்கும். அவ்வகுப்பினுள்ளே பிறப்பின் பேரால் உயர்வு தாழ்வு கற்பித்த குறை உண்டு; அதனை மூடி மறைக்க மாட்டோம். ஆனால், ஊழியம் ஒன்று இருக்குமாயின் அதற்கொரு பெயரும், பெயருக்கொரு பங்கும் உண்டென்ற கொள்கையிலே நம் முன்னோர் தெளிவாயிருந்தனர். சடங்கு முடிந்த நாளிலே ஒருவருடைய பங்கு விடுபட்டுப்போனால் ஊரே கூடி வழக்குரைக்கும்.

பிறப்பை நீக்கி, வேலையை மாத்திரம் எடுத்து எடைபோடும் முறையொன்று மேனாட்டிலே உண்டு. அது சுலபமாக வந்ததுமன்று. இங்கிலாந்திலே வட யோக்சயர்க் கோட்டத்துப் பாடசாலைகளில் பிள்ளைகளுக்கு மதிய உணவு ஆக்கிப் பரிமாறிய பெண்களின் வேலை, தெருக் கூட்டும் ஆடவரதும் தோட்ட வேலை செய்யும் ஆடவரதும் வேலைக்குச் சமமான மதிப்புடையதென்று முறையான மதிப்பீட்டிலே காணப்பட்டிருந்தது. பின்னர், குறைந்த விலை கேட்கும் கம்பனிகளோடு போட்டியிட வேண்டுமென்று காரணங் காட்டி, உள்ளூராட்சி மன்றம் அப்பெண்களின் கூலியைக் குறைத்தது. வழக்கு மேல் மேலாகச் சென்று 1995 இல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் முன் முடிந்தது. தீர்ப்பு அப்பெண்களின் பக்கம்.

இரண்டு ஆண்டுகளின் பின், 1997 இலே, அந்நாட்டு உள்ளூராட்சி மன்றங்களும் தொழிற்சங்கங்களும் உடன்பட்டு ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தன. பதின்மூன்று அளவைகள். வேலைக்கு வேண்டிய அறிவு எவ்வளவு, கைத்திறன் எவ்வளவு, பிறரோடு பேசிப் பழகும் திறன் எவ்வளவு, தானே முடிவெடுக்க வேண்டிய தருணங்கள் உண்டா, உடற்களைப்பு, மனக்களைப்பு எவ்வளவு, மனத்தைக் கலக்கும் காட்சிகளைக் காண நேருமா, மனிதருக்கும் பணத்துக்கும் பொருளுக்கும் அவர் பொறுப்பாளியா, வெயிலிலா, நாற்றத்திலா, ஆபத்திலா வேலை செய்கின்றார்? ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டுக் கூட்டிப் பார்ப்பார்கள். பட்டச் சான்றிதழ் அவற்றுள் ஓரளவைக்கு உதவலாம், எல்லாவற்றுக்கும் உதவாது.

அங்கேயும் யாவும் செம்மையாயிற்று என்று எண்ண வேண்டாம். 2023 செப்டெம்பரிலே பேர்மிங்காம் மாநகர சபை அத்தியாவசியமற்ற புதிய செலவுகளை நிறுத்துவதாக அறிவிக்க நேர்ந்ததற்கு, சம வேதனம் கொடாமல் நெடுங்காலம் விட்டதனாற் சேர்ந்த பெருங்கடன் ஒரு காரணம். பாடசாலை உதவி ஊழியருக்கென 2009 ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய பேச்சுவார்த்தை மன்றத்தை அடுத்து வந்த அரசாங்கம் கலைத்தது; 2025 ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மீண்டும் அமைக்க வழி செய்தது. செல்வம் மிக்க நாட்டிலேயே இவ்வளவு இழுபறி.

அந்தப் பதின்மூன்று அளவைகளை ஆரையம்பதிப் பாடசாலையொன்றின் வாயிலுக்குக் கொண்டுவாருங்கள். காவலாளியின் பொறுப்பு எந்தப் படியிலே நிற்கும்? மலசலகூடம் கழுவுபவரின் வேலைச் சூழலுக்கு எத்தனை புள்ளி? மாதவிலக்கு நாட்களிலே பாடசாலைக்கு வரும் பெண்பிள்ளைகள் அவருடைய கைவேலையை நம்பியே வருகின்றார்கள் என்பதை எந்த அளவையிலே சேர்ப்பது? ஆய்வுகூடத்திலே போத்தல்களைக் கழுவி அடுக்குபவர் ஒரு பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டினால் என்ன நேரும்? “தேர்ச்சியற்றது” என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவையும் அடைத்துவிட்டோமே என்ற வெட்கம் தோன்றாதிராது.

தருமமும் வேலையும்

2020 இலே அரசாங்கம் மிகக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களிலிருந்து ஒரு இலட்சம் பேருக்கு வேலை கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. பல்நோக்கு அபிவிருத்திச் செயலணி என்பது அதன் பெயர். படிப்பிலே க.பொ.த. சாதாரண தரத்தை எட்டாதவர்களே அதற்குரியவர். ஆறு மாதப் பயிற்சி. பயிற்சிக் காலத்திலே மாதம் 22,500 ரூபா. அவர்களுட் பலர் பாடசாலைகளிலும் பணிக்கு வந்தனர். பல வீடுகளில் அடுப்பெரிந்தது. அதனை யாம் குறைகூறோம்.

எனினும், ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். அத்திட்டத்திலே முதலிற் கேட்கப்பட்ட கேள்வி, “இவர் எவ்வளவு வறியவர்?” என்பது. “இப்பாடசாலைக்கு என்ன வேலை தெரிந்தவர் வேண்டும்?” என்பது பின்னாலே வந்தது. வேலை தருமமாகக் கொடுக்கப்படும்போது, பெற்றவர் அதன் அளவைப் பற்றிப் பேச நாக்கூசுவார். “கிடைத்ததே பெரிது” என்பார். கொடுத்தவரும் அதையே சொல்லுவார். சம்பளத் தரத்தை மீளாய்வு செய்ய வேண்டுமென்ற பேச்சு அங்கே எழ இடமில்லை.

மீளாய்வு செய்ய வேண்டியவர் யார் என்பதும் நம்மவர்க்கு மயக்கமான விஷயமே. சம்பள அளவுத்திட்டம் கொழும்பிலே நிர்ணயமாகின்றது. தேசிய பாடசாலைகள் நீங்கலாக ஏனைய பாடசாலைகள் 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் வழியே மாகாணத்தின் கீழ் உள்ளன. அவற்றின் ஊழியர் நியமனமும் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவின்பாற் பட்டது. கிழக்கு மாகாண சபையின் ஆயுட்காலமோ 2017 செப்டெம்பரிலே முடிவடைந்தது. அதன்பின் மக்களாலே தெரியப்பட்ட உறுப்பினரின்றி ஆளுநரின் கீழ் நிருவாகம் நடந்து வந்தது. ஆதலால், ஆரையம்பதித் தாயொருத்தி தன் பிள்ளையின் பாடசாலைக்கு ஒரு சுகாதாரத் தொழிலாளி வேண்டுமென்று கேட்பதற்கு, வீட்டு வாயிலுக்கு வாக்குக் கேட்டு வந்த மாகாண சபை உறுப்பினர் எவரும் இல்லாமற் போயினர். மன்முனைப் பாலம் 2014 இலே திறந்தபின் வாவியைக் கடப்பது எளிதாயிற்று. ஒரு விண்ணப்பம் மேசைகளைக் கடப்பது இன்னும் தோணிப் பயணமாகவே இருக்கின்றது.

கொழும்பையும் திருகோணமலையையும் அசைப்பதற்கு முன்னர் ஊரிலே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு, செலவும் அதிகமில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு நம்மிற் பெரும்பாலோர் கையெழுத்திடுவதற்கே போகின்றோம். அடுத்த கூட்டத்திலே ஒருவர் எழுந்து, இப்பாடசாலையிலே ஆசிரியரல்லாதார் செய்யும் வேலைகள் யாவை, அவற்றை யார் யார் செய்கின்றார்கள், எத்தனை மணி நேரம், யாருடைய பணத்திலே என்று கேட்கலாம். சங்கம் அமர்த்திய அக்காவுக்கு ஒரு கடிதமும் ஒரு வரவுப் பதிவும் கொடுப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. அவர் பின்னொரு நாளிலே நேர்முகப் பரீட்சைக்குச் சென்றால், தாம் உழைத்த ஆண்டுகளைக் காட்டுவதற்கு அக்கடிதமே அவரிடம் இருக்கும். ஆசிரியர் எழுதுவினை செய்த மணிகளையும், தாய்மார் சிரமதானம் செய்த நாட்களையும் அதே குறிப்பிலே சேர்க்க வேண்டும். ஒரு தவணை முழுவதும் இவ்வாறு எழுதி வந்தால், வெற்றிடம் எவ்வளவு என்பதை வலயக் கல்விப் பணிமனைக்கு வாயாற் சொல்ல வேண்டியிராது.

இதற்கு ஒரு கொப்பி போதும். முதல் வரியைக் காவலாளியிடமே கேட்டு எழுதலாம்: “காலையில் எத்தனை மணிக்கு வாயிற்கதவைத் திறக்கிறீங்கள், ஐயா? உங்கட பெயர் என்ன?”